வெடிக்காய்ச் செடியும் ஆவுடையப்பன் முறைச்சோறும்

எங்கள் மேலப்பட்டறைத் தெருவில் ஆவுடையப்பன் வீட்டுப் புறவாசல் தோட்டம் வளர ஆரம்பித்த வருஷம், சாரல் ஆனி பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது, மாம்பழம் விலை போகாமல் சீப்பட்டுக் கிடந்தது, தெருக்குழாயில் தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வந்தது, மற்றபடி குறிப்பிட்டுச் சொல்லும்படி ஊரில் எதுவும் நடக்கவில்லை. தோட்டம் வளர்ந்தது என்றால் அதிலிருந்த செடிகொடி வளர்ந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். செடியும் வளர்ந்தது, அது செடியின் குணம். நான் சொல்வது மண்ணை. ஒரு வீட்டில் வற்றல் தாளித்தால் மறுவீட்டில் தும்முகிற தூரத்தில், இரண்டு வீட்டுப் புறவாசலுக்கும் நடுவில் கிடந்த ஒரு துண்டு மண், கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு நீண்டுகொண்டே போனது. தெருவில் நின்று பார்த்தால் இரண்டு வீடும் முன்பு இருந்த இடத்தில்தான் இருந்தன.

ஆவுடையப்பன் வேலை பார்த்த காலமெல்லாம் ரோடு ரோலர் ஓட்டியவர். மனுஷன் அதற்கு ஏற்ற வேகத்தில்தான் பேசுவார், நடப்பார், கோபப்படுவார். அவருக்குக் கோபம் வந்து சேர்வதற்குள் எதிராளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவான். பெண்டாட்டி போன பிறகு, இரண்டு தெருவுக்கும் நடுவே நீளமாகக் கிடந்த வீட்டுமனையை இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். மூத்தவன் குத்தாலிங்கம் எங்கள் தெருவைப் பார்த்து வீடு கட்டினான், அவன் தவிட்டுக் கடை வைத்திருந்தான். இளையவன் சண்முகவேல் கீழப்பட்டறைத் தெருவைப் பார்த்துக் கட்டினான், அவன் பள்ளிக்கூட வாத்தியார். நடுவில் மிஞ்சிய தோட்டத்தில் சுவர் வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, சுவர் யாருடைய மண்ணில் நிற்பது என்பதில் தகராறு வந்து, அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதனால் சுவரும் வரவில்லை, பேச்சும் வரவில்லை, தோட்டம் பொதுவாகக் கிடந்தது.

தகப்பனுக்கு மட்டும் முறை வைத்தார்கள். ஒரு மாசம் மூத்தவன் வீட்டில் சோறு, ஒரு மாசம் இளையவன் வீட்டில். எங்கள் பக்கத்தில் இதில் புதுசாக எதுவும் இல்லை, பாதி வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் இவர்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. குத்தாலிங்கம் தவிட்டுக் கடைக்காரன், அவனுக்கு மாசம் என்றால் ஆடி, ஆவணி. சண்முகவேல் சம்பளக்காரன், அவனுக்கு மாசம் என்றால் ஜூலை, ஆகஸ்ட். பேசிக்கொள்ளாதவர்கள் எந்த மாசம் என்று எப்படிக் கேட்டுக்கொள்வார்கள்? இதனால் சில நாட்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்து முறை வரும், சில நாட்கள் ஒருவருக்கும் வராது. சேர்ந்து வருகிற நாட்களில் "அங்கேயும் முறைதானே" என்று இரண்டு பேரும் இருந்துவிடுவார்கள். வராத நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பட்டினி போட்டார்கள் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்ல முடியாது. மூத்த மருமகள் செண்பகம் புறவாசலுக்கு வந்தால், "மாமா, அங்க சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாள். இளைய மருமகள் இந்திராணியும் அதையேதான் கேட்பாள். ஆவுடையப்பன் இரண்டு பேரிடமும் "ஆச்சு" என்பார். கேட்டவர்களுக்கும் மனசு நிறைந்துவிடும். நார்க்கட்டிலைத் தோட்டத்தின் நடுவில், முருங்கை மரத்தடியில் போட்டுக்கொண்டு அந்த நாட்களை அவர் கழிப்பார். எங்கள் வீடு குத்தாலிங்கம் வீட்டுக்கு நேர் எதிரே. அவன் வீட்டு நடையும் புறவாசலும் ஒரே நேர்கோட்டில் திறந்து கிடக்கும், கட்டிலின் ஒரு கால் எங்களுக்கு எப்போதும் தெரியும்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அவர் வெடிக்காய்ச் செடியைக் கொண்டுவந்து நட்டார். ரோட்டோரத்தில் தானாக வருகிற செடி, யாரும் விதைத்ததில்லை. காலையில் ஊதா நிறத்தில் பூ விரியும், மத்தியானத்துக்குள் உதிர்ந்துவிடும். பழுப்பு நிறத்தில் காய் விடும். அந்தக் காயைப் பிள்ளைகள் எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முகத்தை முகத்தைப் பார்ப்பார்கள், கொஞ்ச நேரத்தில் பட்டென்று வெடித்து விதை சிதறும். அடியில் விரல் விரலாகக் கிழங்கு. ரோடு ரோலரை இதன் மேல் எத்தனையோ தடவை ஏற்றி இறக்கியிருக்கிறார், ஒவ்வொரு மழைக்கும் அது ஒன்றும் நடக்காததுபோல முளைத்து வந்து பூத்து நின்றிருக்கிறது. அதன் பேரில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது.

கிழங்குக் கொத்தைப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் தண்டின் அடிப்பாகம் கொஞ்சம் ஒட்டியிருக்கும்படி பார்த்து, விரல் ஆழத்தில் வரிசையாக வைத்து, சமையலறைத் தண்ணீரைத் திருப்பிவிட்டார். காய்ந்த காய்களை வரிசைக்கு நடுவில் தூவி வைத்தார். இந்திராணி பார்த்துவிட்டு, பூ நல்ல நிறம், இருக்கட்டும் என்றாள். செண்பகம் பார்த்துவிட்டு, களைச்செடியை வீட்டில் கொண்டுவந்து நடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று எங்கள் வீட்டில் வந்து சொன்னாள். பிறகு சாரல் விழுந்தது. ஈரம் பட்டதும் காய்கள் வெடிக்க ஆரம்பித்தன, கார்த்திகைக்குப் பொரி பொரிக்கிற மாதிரி ஒரு சத்தம் மத்தியானம் பூராவும் தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

மண் வளர்வதை முதலில் கண்டுபிடித்தது கொடிக்கயிறு. இரண்டு வீட்டுப் புறவாசல் தூண்களுக்கும் நடுவில் கட்டியிருந்த கயிறு, அதில் இரண்டு வீட்டுத் துணியும் காயும், பேச்சு நின்ற பிறகும் அது மட்டும் நிற்கவில்லை. அது தெறித்து அறுந்தது. செண்பகம் முடிச்சுப் போட்டுக் கட்டப் பார்த்தாள், எட்டவில்லை. கடையிலிருந்து நீளமான நைலான் கயிறு வாங்கி வந்து தாராளமாகத் தொங்கவிட்டுக் கட்டினாள். இரண்டு சாரலுக்குள் அது வீணைக் கம்பி மாதிரி விறைத்து, அதுவும் அறுந்தது. அதற்குப் பிறகு அவரவர் துணியை அவரவர் பக்கம் காயப்போட்டுக்கொண்டார்கள். கயிறு சரியில்லை என்று கடைக்காரனை ஏசிவிட்டு வந்ததோடு அந்த விஷயம் முடிந்தது.

முருங்கை மரம் சின்னதாகிக்கொண்டே போனது. பக்கத்தில் போனால் பழைய மரம்தான், காய்கூடப் பிடித்திருந்தது. எதிர்வீட்டிலிருந்து பார்க்கிற எங்களுக்கு முதலில் கட்டில் தெரியாமல் போனது, பிறகு மரம், பிறகு அந்தப் பக்கத்து வீடே தெரியாமல் போய், அந்த இடத்தில் ஒரே ஊதா நிறமாகத் தெரிந்தது. குத்தாலிங்கம் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் வெளியே இரண்டு தெருவிலும் அளந்தார், பட்டாவில் இருந்தபடியே இருந்தது. உள்ளே போய்ச் சங்கிலியைப் போட்டார், சங்கிலி போதவில்லை, மறுபடியும் போட்டார், வெயில் ஏறியதும் திரும்பி வந்து மோர் வாங்கிக் குடித்தார்.

"வெளிய அளவு சரியா இருக்கு. உள்ள எவ்வளவு இருக்குங்கிறது உங்க வீட்டு விசயம், அதுல நாங்க தலையிட முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். இதைவிடத் தெளிவாக எந்த அதிகாரியும் பேசி நாங்கள் கேட்டதில்லை.

மண் சும்மா கிடைக்கிறது என்றால் எங்கள் ஊரில் யாருக்குத்தான் கசக்கும்? முதலில் பையன்கள் கிரிக்கெட் ஆடப் போனார்கள், ஒரே நேரத்தில் மூன்று ஆட்டம் நடந்தது, ஒரு ஆட்டத்துப் பந்து மறு ஆட்டத்தில் போய் விழவில்லை. சுடலி என்கிற ஆட்டுக்காரி குத்தாலிங்கம் வீட்டு நடை வழியாகவே ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய் மேய்த்து வருவாள், செண்பகத்துக்கு வாரம் ஒருநாள் பால். எங்கள் தெருக் கோமதிநாயகம் மகள் அங்கேதான் ஸ்கூட்டி ஓட்டிப் பழகினாள். அடுத்த வீட்டு வைக்கோல் படப்பு அங்கே போய் நின்றது. ஒரு கல்யாணத்துக்குச் சமையல் பந்தல்கூட அங்கே போட்டார்கள், இலை போட்ட இடத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் ரசம் ஆறிப்போனது என்பது ஒன்றுதான் குறை.

செடியால்தான் மண் நீளுகிறது என்று பட்டதும், ஒவ்வொருவரும் கிழங்கைத் திருடிக்கொண்டுபோய்த் தங்கள் வீட்டில் நட்டுப் பார்த்தோம். நானும்தான். செடி அமோகமாக வந்தது, கத்தரியை அமுக்கியது, மிளகாயை அமுக்கியது, துளசி மாடத்துக்குள் புகுந்தது, ஆனால் மண் ஒரு சாண்கூட நீளவில்லை. ஆவுடையப்பனுக்குக் கைராசி என்று முடிவு கட்டிவிட்டு, வந்த செடியைப் பிடுங்கி முடிக்க முடியாமல் இன்றைக்கும் திண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

மகன்கள் இரண்டு பேருக்கும் அப்போது பிடித்ததுதான் பித்து. தன் பக்கத்தில் நட்டால் தன் பக்கம் வளரும் என்று ஒவ்வொருவனும் நினைத்தான். குத்தாலிங்கம் தவிட்டையும் சாணியையும் கலந்து போட்டு, கிழங்கைக் கூறு போட்டு, கூடை கூடையாக நட்டான். சண்முகவேல் போனில் பார்த்துப் படித்து, கணு உள்ள தண்டாக நறுக்கி, தேங்காய்ச் சிரட்டையில் ஆற்று மணல் நிரப்பி அதில் செருகி, வேர் பிடித்ததும் எடுத்து நட்டான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் வீட்டுப்பாடத்துக்குப் பதில் வெடிக்காய் கொண்டுவரச் சொன்னான் என்றும் பேச்சு. இரண்டு பேர் நட்டதும் பிடித்தது. எந்தப் பக்கம் வளர்ந்தது, எந்தப் பக்கம் வளரவில்லை என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை, நடு என்று ஒன்று இருந்தால்தானே.

நடுவில் ஆவுடையப்பன் நடந்துகொண்டிருந்தார். முறை மாறுகிற அன்று கட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மஞ்சள் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போவார். முன்பெல்லாம் செண்பகம் இந்தக் கதவைச் சாத்துவதற்குள் இந்திராணி அந்தக் கதவைத் திறந்திருப்பாள். பிறகு காலைக் காப்பி குடித்துவிட்டுப் புறப்பட்டால் மத்தியானச் சோற்றுக்குப் போய்ச் சேர்கிற தூரமானது. பிறகு கட்டுச்சோறு தேவைப்பட்டது. பிறகு வழியில் படுத்து எழுந்து போக வேண்டியிருந்தது. நல்லவேளை, கட்டில் தலையிலேயே இருந்தது.

சாரல் போய், ஐப்பசி மழை வந்து போய், மறு சாரலும் பிடித்துக்கொண்டபோது, அவர் போய்ச் சேர்வதற்குள் அந்த வீட்டு முறை முடிந்துவிட்டிருந்தது. வாசலுக்குப் போவார். மூத்தவன் வீடாக இருந்தால், "ஆவணி பொறந்துட்டே மாமா" என்பாள் செண்பகம். இளையவன் வீடாக இருந்தால் சுவரில் காலண்டர் தாளைக் கிழித்திருப்பார்கள். ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, வழிக்குக் கொஞ்சம் அரிசி வாங்கிக்கொண்டு அவர் திரும்பி நடப்பார். யாரும் அவரைப் போகச் சொன்னதில்லை என்று இரண்டு வீட்டுக்காரர்களும் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது உண்மைதான், கணக்குதான் சொன்னது.

பிறகு வாசலுக்கு வருவதும் நின்றது. சுடலி மட்டும் ஆட்டோடு உள்ளே போய் வருகிறபோது அவரைப் பார்ப்பாள். செண்பகம் கேட்டால், பெரியவர் கிழக்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தார் என்பாள், சரி, கொழுந்தன் வீட்டுக்குப் போகிறார் என்று செண்பகம் அரிசியைக் குறைத்துப் போடுவாள். இந்திராணி கேட்டால், மேற்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தார் என்பாள், சரி, அக்கா வீட்டுக்கு என்று இவளும் குறைத்துப் போடுவாள். சுடலி இரண்டு பேரிடமும் பொய் சொல்லவில்லை. அவரும் நடந்துகொண்டுதான் இருந்தார். இரண்டு உலையிலும் அவருக்கான அரிசி இல்லாமல் பொங்கி இறங்கிக்கொண்டிருந்தது, எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியாது.

இது வெளியே வந்தது மாவு மில்லில். செண்பகம் மிளகாய் அரைக்கப் போயிருந்தாள், இந்திராணி மல்லி அரைக்க வந்திருந்தாள். புருஷன்கள் பேசாவிட்டாலும் ஓரகத்திகள் பேசிக்கொள்வார்கள், தோட்டம் நீண்ட பிறகு அதற்கும் வழியில்லாமல் போயிருந்தது. மில் ஓடுகிற சத்தத்தில் ஒருவர் காதில் ஒருவர் கத்தித்தான் பேச வேண்டும். பிள்ளைகள் படிப்பு, மிளகாய் காரம் எல்லாம் கத்தி முடித்தபிறகு, இந்திராணி மரியாதைக்குக் கேட்டாள்.

"மாமா எப்படி இருக்காவக்கா?"

"உங்க வீட்லல்லா இருக்காவ?" என்று செண்பகம் தொண்டை கிழியக் கத்திய நேரம் பார்த்து கரண்டு போனது. மில் நின்றது. அந்த வார்த்தை மட்டும் மில்லுக்குள் தனியாக நின்றது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டோம். மிளகாய் நெடியில் கண் எரிகிறது என்று செண்பகம் முந்தானையால் துடைத்தாள். அரைபட்ட பொடியை எடுக்காமலே இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலமே இரண்டு மகன்களும் அவரவர் புறவாசல் வழியாக இறங்கி, அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது, நான்கு பக்கமும் காய் வெடித்துக்கொண்டிருந்தது, நடக்க நடக்கத் தோட்டம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார்கள். குத்தாலிங்கம் அரிவாளைத் தீட்டினான். மறுநாள் ஆள் விட்டு, வழி நெடுக வெட்டிச் சாய்த்தான். இது அந்தச் செடியைத் தெரியாதவன் செய்கிற காரியம். வெட்டுப்பட்ட தண்டோடு காய் எல்லாம் ஈர மண்ணில் விழுந்து ஒரே நேரத்தில் வெடித்ததில், அன்று ஒரு நாளில் மட்டும் ஒரு ஊர் தூரம் மண் வளர்ந்தது. நின்ற அடித்தூரிலிருந்து இரண்டு மடங்கு தழைத்தது. சண்முகவேல் உப்பு மூட்டையைக் கரைத்து ஊற்றினான், ஓரத்தில் நின்ற செவ்வந்தி செத்தது, செடி சாகவில்லை.

கடைசியில் இரண்டு பெண்களும்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள். மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தியால் சுற்றிலும் இளக்கி, தண்டைப் பிடித்து இழுக்காமல் அடியில் கையைவிட்டு, கிழங்குக் கொத்தை ஒரு விரல்கூட முறியாமல் முழுசாக எடுக்க வேண்டும். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் அது புதுச்செடி. வெயில் அடிக்கிற நேரத்தில் காய்ந்த காய்களை உலர்ந்த சாக்கில் பறித்துப் போட்டு, ஈரம் படுவதற்குள் அடுப்பில் வைத்துவிட வேண்டும். எடுத்த கிழங்கை எருக்குழியில் போடக்கூடாது, காயவைத்துக் கொளுத்த வேண்டும். ஒவ்வொரு கொத்து வெளியே வரும்போதும் தரை லேசாக உள்ளே இழுத்துக்கொள்ளும், நிற்பவர்கள் ஒரு காலைத் தூக்கி மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் பழகிக்கொண்டோம்.

தெருவே இறங்கி வேலை செய்தது. எல்லோரும் மனசோடு வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். பையன்கள் ஆட்டம் பாதியில் நிற்கிறது என்றார்கள். கோமதிநாயகம், மகள் இன்னும் லைசென்ஸ் வாங்கவில்லை, ஒரு வாரம் பொறுக்கலாமே என்று கேட்டுப் பார்த்தார். மண் சுருங்கச் சுருங்க, அதன்மேல் கிடந்ததெல்லாம் நெருங்கி வந்தன. வைக்கோல் படப்பும், கல்யாண அடுப்பும், மூன்று ஆட்டத்து ஸ்டம்பும், யார் யாரோ தொலைத்த செருப்புகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குத்தாலிங்கம் வீட்டுப் புறவாசலில் வந்து சேர்ந்தன. அதைப் பார்த்ததும், கிடைத்த மண் கைவிட்டுப் போகிறதே என்று குத்தாலிங்கத்துக்கு மனசு ஆறவில்லை. களைக்கொத்தியைக் கீழே வைத்தான். அப்பாவை ஆட்டுக்காரியை விட்டுத் தேடச் சொல்லிவிட்டு, இந்த அளவோடு மண்ணை நிறுத்திக்கொண்டால் என்ன என்று பொதுவாகக் கேட்டான். அந்தப் பக்கம் அவன் தம்பியும் இதே நேரத்தில் இதையேதான் கேட்டானாம், இரத்தம் ஒன்றுதானே.

செண்பகம் நிமிர்ந்து பார்க்கவில்லை. கிழங்கை உதறிக்கொண்டே சொன்னாள்.

"உங்களுக்கும் ரெண்டு ஆம்பளப் பிள்ளைய இருக்கானுவ. அத நெனச்சுக்கிட்டுக் கொத்துங்க."

அவன் மறுபடியும் குனிந்து கொத்த ஆரம்பித்தான்.

ஒரு மத்தியானம், பூவெல்லாம் உதிர்ந்து முடிந்திருந்த நேரம், எதிரே களைக்கொத்திச் சத்தம் கேட்டது. இன்னும் பத்துக் கொத்து எடுத்ததும் எதிரே குனிந்திருந்த முதுகுகள் தெரிந்தன. அண்ணனும் தம்பியும் நிமிர்ந்தார்கள். நடுவில் முருங்கை மரம் நின்றது. அதன் அடியில் கட்டிலும், கட்டில் காலில் கட்டிய குடையும், மூன்று கல்லும், கரி பிடித்த ஒரு சட்டியும் இருந்தன. ஆவுடையப்பன் கட்டிலில் உட்கார்ந்து, உலர்ந்த காய்களைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். நெஞ்செலும்பு எண்ணிக்கொள்ளலாம்போலத் தெரிந்தது. மூத்தவனைப் பார்த்தார். தலையைத் திருப்பி இளையவனைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஏலே, ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கிய. யாருலே தவறிட்டா?"

எங்கள் ஊரில் பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் தம்பி ஒரே இடத்துக்கு வருவது சாவு வீட்டுக்கு மட்டும்தான், அதனால் அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. குத்தாலிங்கம் கையில் கிழங்குக் கொத்தோடு நின்றான், அதிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. சண்முகவேல் தரையைப் பார்த்தான். எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

"ஒருத்தரும் இல்ல மாமா. ஒங்களத்தான் தேடி வந்தோம்" என்றாள் இந்திராணி.

அவர் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

பிறகு ஆரம்பித்தது உபசாரம். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்? எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று மூத்தவன் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தான், எங்கள் வீட்டுக்கு என்று இளையவன் மறு பக்கத்தைப் பிடித்தான். ஆவுடையப்பன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கப் போவதாகவும் தெரியவில்லை. நடந்தவரைக்கும் போதும், இனி நான் நடக்க மாட்டேன், இங்கேயே இருந்துகொள்கிறேன், யாருக்குத் தோன்றுகிறதோ அவர்கள் வாருங்கள் என்று அவருக்கே உரிய வேகத்தில் சொல்லி முடித்தார். சொல்லி முடிக்கிறவரை மகன்கள் கட்டிலைப் பிடித்தபடி குனிந்தே நின்றார்கள். அவர் காலடியில், மரத்தைச் சுற்றி, ஒரு பாத்தி அளவுக்குச் செடி மிச்சம் இருந்தது. அதைப் பிடுங்க வேண்டுமானால் அவரை எழுப்ப வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

இப்போதும் அவர் அங்கேதான் இருக்கிறார். மேலே தகரம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பாத்தியை அவர் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார், சுற்றிலும் பழைய கூரை ஓடுகளை ஆழமாகப் புதைத்து வேர் வெளியே ஓடாமல் பார்த்துக்கொள்கிறார், காயை வெடிக்க விடாமல் பறித்து டப்பாவில் அடைத்து வைக்கிறார். தூரத்தை அவர் இஷ்டம்போல வைத்துக்கொள்ள அது போதும். வீட்டில் இருந்து எடுத்துக்கொண்டு போகிற சோறு, போய்ச் சேரும்போது கை பொறுக்கிற சூட்டில் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. ஆறிப்போனால் ஒரு கொத்தைப் பிடுங்குவார். முறைக்காரன் வேலையாளிடம் கொடுத்துவிட்டால் மறுநாள் டப்பாவிலிருந்து நான்கு காயை எடுத்து எச்சில் தொட்டு வைப்பார், அன்று தூரம் கூடிப்போகும், அந்த வீட்டுக்காரனே வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்வான்.

மகன்களின் மாசக் கணக்கு இன்னும் ஒத்துவரவில்லை. ஒருவன் புரட்டாசி என்கிறான், ஒருவன் செப்டம்பர் என்கிறான். ஆனால் மாவு மில்லில் அந்த வார்த்தை மறுபடியும் நிற்கக்கூடாது என்ற பயம் இரண்டு வீட்டிலும் இருக்கிறது, அதனால் சந்தேகமான நாட்களில் இரண்டு பேருமே தூக்குச்சட்டியோடு புறப்பட்டுவிடுகிறார்கள். இந்தப் பக்கமிருந்து ஒருவன், அந்தப் பக்கமிருந்து ஒருவன். இவன் சட்டியிலிருந்து ஒரு கை, அவன் சட்டியிலிருந்து ஒரு கை என்று அவர் சாப்பிடுகிறார். சட்டியைக் கழுவித் திரும்பக் கொண்டுபோக வேண்டுமே, அதுவரை இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். எத்தனை நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பது? தவிடு வரத்து எப்படி என்று ஒருவன் முருங்கை மரத்தைப் பார்த்துக் கேட்கிறான், பரவாயில்லை என்று மற்றவன் செடியைப் பார்த்துச் சொல்கிறான். அந்த நாட்களில் ஆவுடையப்பன் சாப்பிட்டு முடிக்க அவசரப்படுவதே இல்லை.